ஜிபி சர்ஜரியில் மனநல உதவி: அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கேட்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான். இங்கிலாந்தில் உங்கள் பகுதி ஜிபி சர்ஜரியின் (குடும்ப டாக்டர் நிலையத்தின்) நோயாளர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மனநல உதவியை எப்படி மேம்படுத்தலாம் என்று மனேஜர் யோசனை கேட்டிருக்கிறார். காத்திருப்பு அறையில் ஓர் அறிவிப்புப் பலகையும் தமிழில் சில துண்டுப் பிரசுரங்களும் வைக்கலாம் என்பது உங்கள் எண்ணம். அவற்றில் என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "எங்கட ஆட்கள் பிரஷருக்கும் சுகருக்கும் ஒழுங்கா போகினம், இதைப் பற்றி மட்டும் வாய் திறக்கினம் இல்லை." எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. அதற்குப் பதில் சொன்னால் பலகையில் என்ன எழுதுவது என்பது தானாக வரும்.

நான் மனநல நர்ஸ். வார்டிலும் சமூக மனநலக் குழுவிலும் பல வருடம் இருந்துவிட்டு இப்போது ஜிபி சர்ஜரிகளில் வேலை செய்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஏற்பாடுகள் வேறு. சிறுவர் மனநலம் என் துறை அல்ல, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் உங்கள் குழுவின் பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு ஜிபி சர்ஜரியும் நோயாளர் குழு வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் தயவு கேட்டு உள்ளே போனவர் இல்லை. சர்ஜரி எப்படி இயங்குகிறது என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு. தனிப்பட்ட ஒருவரின் விவரத்தைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். நிறையக் குழுக்கள் இந்த இடத்தைக் கார் பார்க்கிங் பற்றிப் பேசியே முடித்துவிடுகின்றன.

சரி, நம் ஆட்கள் ஏன் வாய் திறப்பதில்லை? வெட்கம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் என்று உடனே சொல்லிவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றையும் நோயாளியின் தலையில் போட்டுவிட்டால் சர்ஜரி தன் பக்கத்தைப் பார்க்காமலே தப்பிவிடும். பத்து நிமிடச் சந்திப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா மகனோடு வருகிறார். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, தலையிடி, உடம்பெல்லாம் உளைவு. இப்படி நான் பார்த்தவர்கள் பலர். டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொல்வார், இரும்புச் சத்து, தைரொய்ட், பி12 எல்லாம் பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்வார். அது சரியான வேலைதான். சோர்வுக்கும் படபடப்புக்கும் தைரொய்ட் காரணமாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் "மனசுப் பிரச்சினை" என்று அனுப்புவது இன்னும் மோசம். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல். "நோர்மல்" என்று ஒரு குறுஞ்செய்தி போகும். அம்மாவுக்கு இன்னும் நித்திரை இல்லை. ஆனால் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் கையில் இல்லை.

கொஞ்சம் கவனமான டாக்டராக இருந்தால் அன்றைக்கே மனநிலையைப் பற்றிக் கேட்பார். பெரும்பாலும் கையில் எடுப்பது பிஎச்கியூ-9 என்ற படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்று இன்னொன்று, அதில் ஏழு கேள்விகள். பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துப் போயிருந்தால் நல்லது என்றோ தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மகன் ஒரு கணம் நிலத்தைப் பார்க்கிறான். பிறகு தாயிடம் திரும்பி, "அம்மா, அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?" என்கிறான். அம்மா மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ச்சே, இல்லை" என்கிறார். கணினியில் பூச்சியம் பதிவாகிறது.

இதில் மகன்மேல் குற்றம் இல்லை. எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கேள்வியைத் தாயிடம் நேராகக் கேட்க வாய் வராது. அந்த வேலையை அவனிடம் கொடுத்ததுதான் பிழை. மொழிபெயர்ப்பாளரை சர்ஜரியே ஏற்பாடு செய்ய வேண்டும், நோயாளிக்கு அதில் ஒரு பென்ஸ் செலவும் இல்லை. வீட்டு ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, நம்பியிருக்கக் கூடாது என்று அரச மருத்துவ சேவையை நடத்தும் என்எச்எஸ் இங்கிலாந்தின் 2018 வழிகாட்டலே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வழமையான நேரத்தைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நடைமுறையில் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும். ஆகவே குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஒருவரின் கோப்பில் குறித்திருந்தால், அப்பொயின்ட்மென்ட் தானாக இரட்டை நேரமாகப் பதிவாகிறதா? இதற்குப் பெரிய காசு வேண்டாம், கணினியில் ஓர் ஒழுங்கு செய்தால் போதும். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரையும் ஏளனமாக நினைக்க வேண்டாம். முகம் தெரியாத, வேறு ஊர்க் குரல் என்பதாலேயே சிலர் அதில் மனம் திறந்து பேசுகிறார்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம் ஆட்கள் மட்டுமல்ல, சில பணியாளர்களும் பயப்படுகிறார்கள். இதில் ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன: நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை. சுற்றி வளைத்துக் கேட்டால்தான் பதிலும் சுற்றி வளைந்து வரும்.

அடுத்தது ஒருவரும் யோசிக்காத விஷயம்: தொலைபேசி இலக்கம். நம் முதியவர்கள் பலரின் கோப்பில் இருப்பது மகனின் அல்லது மருமகளின் கைத்தொலைபேசி இலக்கம். சர்ஜரி அனுப்பும் "உங்கள் மனநல மீளாய்வு செவ்வாய்க்கிழமை" என்ற செய்தி யாருக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? கணவனின் இலக்கத்தைக் கொடுத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பிரச்சினையே அந்தக் கணவன்தான். ஒருமுறை அப்படி ஒரு செய்தி தவறான கைக்குப் போய்விட்டால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார், அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேரும் வரமாட்டார்கள். எல்லா நோயாளிகளிடமும், "இந்த இலக்கம் உங்களுடையதா? இதற்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது?" என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். செய்தியில் "மனநலம்" என்ற சொல்லே இல்லாமல் வெறும் "அப்பொயின்ட்மென்ட்" என்று அனுப்பச் சொல்லுங்கள்.

வரவேற்பு மேசையும் அப்படித்தான். தமிழ் பேசும் ஒருவர் அங்கே இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பாதி நேரம் அது உண்மை. மீதிப் பாதி நேரம், அந்த ஆள் கோயிலில் பார்க்கிற ஆளாகவோ பிள்ளையின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சந்திக்கிற ஆளாகவோ இருப்பார். "என்ன விஷயமாக டாக்டரைப் பார்க்க வேண்டும்?" என்று அவர் கேட்டதும் வாயில் வருவது "முழங்கால் நோ". மேசையில் இருப்பவரும் டாக்டரைப் போலவே இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். வெளியே சொன்னால் வேலையே போகலாம். இதைப் பலகையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதலாம். அதோடு, காரணம் கேட்கும்போது "தனிப்பட்ட விஷயம்" என்று மட்டும் சொன்னால் போதும், அதற்கு மேல் தோண்டமாட்டோம் என்று சர்ஜரி ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபரில் இருந்து சர்ஜரிகள் தங்கள் வேலை நேரம் முழுவதும் இணையவழி விண்ணப்பத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. மேசைக்கு முன்னால் நின்று சொல்ல முடியாததை இரவில் தனியே இருந்து எழுதி வைத்துவிட்டு, அலுவலக நேரத்தில் அனுப்புகிறவர்களுக்கு இது உதவும். ஆங்கிலம் எழுத வராத அம்மாவுக்கு இதால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசி வரிசையை இதைக் காட்டிக் குறைக்க விடாதீர்கள்.

இன்னொரு சந்தர்ப்பத்தை எல்லோரும் வீணாக்குகிறோம். நம் ஆட்கள் சுகருக்கு ஒழுங்காகப் போகிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். நீரிழிவின் வருடாந்த மீளாய்வை நர்ஸ் செய்வார், டாக்டரின் பத்து நிமிடத்தை விட நேரம் கூட இருக்கும், மகன் பெரும்பாலும் கூட வரமாட்டான். காலைப் பார்த்துக்கொண்டே "நித்திரை எப்படி? முன்பு பிடித்ததெல்லாம் இப்பவும் பிடிக்கிறதா?" என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக வருகிறது என்பதும் உறுதியான விஷயம். ஆகவே இது மருத்துவ ரீதியாகவும் நியாயமான கேள்வி, யாரையும் தனியாகக் குறிவைத்ததாகத் தெரியாது.

இனி உங்கள் பலகைக்கு வருகிறேன். மனச்சோர்வின் பத்து அறிகுறிகள் என்று எழுதினால் அதை நின்று வாசிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு விருப்பமான இடம் கழிவறைக் கதவின் உட்பக்கம். வீட்டு வன்முறைத் தகவல்களை அங்கே ஒட்டுவது இதே காரணத்துக்காகத்தான்: தனியே இருக்கலாம், இலக்கத்தைப் படம் எடுக்கலாம், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். எழுத வேண்டியதும் கொஞ்சம்தான். டாக்டரிடம் போகாமலே நேரடியாக என்எச்எஸ் டோக்கிங் தெரபீஸுக்கு நீங்களே பதிவு செய்யலாம், இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இது 2008இல் வேறு பெயரில் தொடங்கி 2023இல் இந்தப் பெயருக்கு மாறிய சேவை. மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி, போர் போன்ற பயங்கர அனுபவங்களின் பின்விளைவு எல்லாவற்றுக்கும் பேச்சு வழிச் சிகிச்சை தருகிறது. நீங்களே பதிவு செய்யலாம் என்ற ஒரு வசனம், பல வருடம் இங்கே இருப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, ஜிபியிடம் பதிவு செய்ய அடையாள அட்டையோ விசாவோ காட்டத் தேவையில்லை என்பது. அப்புறம் அவசரத்துக்கு: 111 அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு, நாள் முழுவதும். யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் சமரிட்டன்ஸ் 116 123, இலவசம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. இவ்வளவு போதும். சொந்தமாக மருத்துவ விளக்கம் எழுதிப் பிரசுரம் அடிக்காதீர்கள். எழுதினால் ஒவ்வொரு வருடமும் திருத்த ஆள் வேண்டும். பழைய இலக்கம் உள்ள பிரசுரம் இல்லாததை விடக் கேடு.

மருந்து விஷயத்தில் நம்மவர்களிடம் இரண்டு தவறான எண்ணம் உண்டு: தொடங்கினால் சாகும்வரை விட முடியாது என்பது ஒன்று, மூன்று நாள் போட்டேன் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்துவது இன்னொன்று. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் தேசிய அமைப்பான நைஸ் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கடுமையற்ற மனச்சோர்வுக்கு, நோயாளியே விரும்பினால் தவிர, மருந்தை முதல் தெரிவாகக் கொடுப்பது வழமையாக இருக்கக் கூடாது. மருந்து கொடுத்தால் வேலை செய்கிறதா என்று தெரிய நாலு வாரம் அளவில் ஆகும். முதல் நாட்களில் வயிற்றுக் குமட்டலும் படபடப்பும் கூடலாம். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது பொதுவான ஆலோசனை. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம், ஆகவே டாக்டரோடு கதைத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இந்த நாலு வசனத்தையும் டாக்டர் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் வெளியே வரும்போது ஒருவருக்கும் நினைவில் இருப்பதில்லை. மருந்துச் சீட்டோடு தமிழில் அரைப் பக்கம் கொடுத்தால், அதை சர்ஜரியின் மருந்தாளரே சரிபார்த்திருந்தால், அது உங்கள் பலகையை விடப் பல மடங்கு பயன்படும்.

அதே வழிகாட்டல் மருந்து தொடங்கியவரை வழமையாக இரண்டு வாரத்துக்குள்ளும், 18 முதல் 25 வயதுக்காரர் என்றாலோ தற்கொலை அபாயம் பற்றிய கவலை இருந்தாலோ ஒரு வாரத்துக்குள்ளும் மீண்டும் பார்க்கச் சொல்கிறது. "முடியாவிட்டால் திரும்ப எடுங்கள்" என்பது மீளாய்வு இல்லை. மனச்சோர்வு உள்ளவருக்குக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வரிசையில் நிற்பதுதான் முதலில் முடியாமல் போகிற காரியம். அறையை விட்டு வெளியே வரும் முன்பே அடுத்த திகதி கையில் இருக்க வேண்டும். சர்ஜரியிடம் ஒரே ஒரு மாற்றம்தான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பேச்சுச் சிகிச்சைக்குக் காத்திருப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆறு வாரத்துக்குள் 75 சதவீதம் பேரும் 18 வாரத்துக்குள் 95 சதவீதம் பேரும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது தேசிய இலக்கு. இலக்கு கணக்கிடுவது முதல் சந்திப்பு வரைக்கும்தான். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நீண்ட இடைவெளி வருவது பல இடங்களில் நடக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆட்கள் "என்னைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைக்கமாட்டார்கள். அந்த இடைவெளியில் யார் பார்ப்பார் என்பதுதான் அடுத்த கேள்வி. 2021 ஏப்ரலில் இருந்து, சர்ஜரிகள் சேர்ந்து இயங்கும் பிரைமரி கேர் நெட்வொர்க்குகள் மனநலப் பணியாளர்களை வைத்திருக்க வழி செய்யப்பட்டது. செலவை நெட்வொர்க்கும் மனநல டிரஸ்ட்டும் (அந்தப் பகுதியின் என்எச்எஸ் மனநல நிறுவனம்) பாதி பாதி ஏற்கும் ஏற்பாடு. நானும் அப்படி வந்தவர்தான். கடன், வீட்டு வாடகை, தனிமை போன்ற பிரச்சினைகளுக்கு சோஷல் பிரிஸ்கிரைபிங் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். சிலருக்கு மாத்திரையை விட அவர் நிரப்பிக் கொடுக்கும் படிவம் நித்திரையைத் திருப்பித் தருகிறது. உங்கள் சர்ஜரிக்கு இந்த இருவரும் எந்த நாட்களில் வருகிறார்கள், வரவேற்பு மேசையே அவர்களிடம் நேரடியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகுதான் என்றால் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஐயம் உள்ளவையும் இருக்கின்றன. வருகிற எல்லோருக்கும் பிஎச்கியூ கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களைச் சலித்தெடுக்கலாமே (ஸ்கிரீனிங்) என்று குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார். பிரித்தானியாவின் தேசியச் சலித்தெடுப்புக் குழு பெரியவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வுச் சலித்தெடுப்பைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாகப் பரிந்துரைக்கிறார்கள். அறிஞர்களே ஒத்துப்போகாத இடம். கண்டுபிடித்த பிறகு கொடுக்க ஒன்றும் இல்லாத சர்ஜரியில் எல்லோரிடமும் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ச் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரே கருத்து இல்லை. மொழி இடைஞ்சல் இல்லாமல் கதைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் போரில் எந்தப் பக்கம், எந்த ஊர், என்ன சாதி என்று எதிரே இருப்பவர் எடைபோடுவாரோ என்ற பயத்தில் வேறு இனத்தவரையே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தெரிவு கொடுங்கள், நாமே தீர்மானிக்க வேண்டாம். கைத்தொலைபேசிச் செயலிகள் சிலருக்கு உதவுகின்றன, ஆனால் தமிழில் நல்லது ஒன்றை நான் இன்னும் மனமொத்துப் பரிந்துரைத்ததில்லை.

ஒரு பிரிவினரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். ஸ்கிட்சோஃப்ரீனியா, பைபோலர் போன்ற கடும் மனநோயோடு வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கப்படுகிற நம் பிள்ளைகள். அவர்களுக்கு வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனை உண்டு: இரத்த அழுத்தம், எடை, சுகர், கொழுப்பு, புகைத்தல், மது. அவர்கள் எடுக்கும் மருந்துகள் சில எடையையும் சுகரையும் ஏற்றக்கூடியவை. இவர்கள் முன்கூட்டியே இறப்பது பெரும்பாலும் இதய நோய் போன்ற உடல் நோய்களால்தான். இவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், பலகையையும் வாசிக்கமாட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாயைப் பராமரிப்பாளர் என்று சர்ஜரியில் பதிவு செய்ய வையுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தாயின் உடம்பையும் யாராவது கேட்பார்கள்.

மனேஜரிடம் முதல் கூட்டத்திலேயே இவ்வளவையும் கொட்ட வேண்டாம், மனுஷன் பயந்துவிடுவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரட்டை நேரம், கையில் அடுத்த திகதி, தொலைபேசி இலக்கம் இந்த மூன்றையும் மட்டும் கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுத வைப்பேன். மூன்று மாதம் கழித்து இரண்டு எண்ணிக்கை கேளுங்கள்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை முறை பயன்பட்டார், மனச்சோர்வு மருந்து புதிதாகத் தொடங்கியவர்களில் எத்தனை பேரை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பார்த்தார்கள். பெயர் எதுவும் இல்லாத எண்ணிக்கை என்பதால் தர மறுக்கக் காரணம் இருக்காது. பலகைக்கு ஆகும் செலவைப் பிறகு பார்க்கலாம். கழிவறைக் கதவுக்கு இலக்கங்களை ஒரு ஏ4 தாளில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, இந்த வாரமே ஒட்டிவிடுங்கள். அதற்கு ஒரு கூட்டமும் தேவையில்லை, மனேஜரின் ஒரு தலையசைப்பு போதும்.